பொட்டு வைத்த கொக்கி

அந்த ஆளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத சாமி கிடையாது. திருவொற்றியூரில் அம்மனுக்கு எலுமிச்சம்பழ விளக்குப் போட்டு வேண்டிக்கொண்டேன். ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றியும் வேண்டிக்கொண்டேன். நான் வேதக்காரி இல்லை. ஆனால் வயிறு எரிகிறவளுக்கு எந்தக் கோயிலானால் என்ன? சாகட்டும் என்று கேட்கவில்லை. அது எனக்குப் பத்தாது. குனிந்தால் நிமிர முடியக்கூடாது, கக்கூசில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் தேடவேண்டும், தும்மல் வருகிறது என்றாலே பயந்து நடுங்கவேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பட்டுக்கொண்டு பாயில் கிடந்தார்.

அந்த ஆள் என்று நான் சொல்வது எங்கள் குடோன் சூப்பர்வைசரை. திருவொற்றியூரிலிருந்து மணலிக்குப் போகிற வழியில், கன்டெய்னர் லாரிகள் நாளெல்லாம் வரிசை கட்டி நிற்கிற ரோட்டில் இருக்கிறது குடோன். ஹார்பரிலிருந்து வருகிற மூட்டை, பெட்டி, எண்ணெய் பேரல் எல்லாம் அங்கே இறங்கி, அங்கிருந்து வெளியூருக்கு ஏறும். என் வீட்டுக்காரர் அங்கே லோடுமேன். நான் கிழிந்த மூட்டைகளைத் தைப்பேன், சிந்தினதைக் கூட்டி அள்ளுவேன். ஃபோர்க்லிஃப்ட் ஒன்று உண்டு. பாதி நாள் அது ரிப்பேர். மீதி நாள் முதலாளி வந்தால் கண்ணில் படுகிற மாதிரி முன்வாசலில் துடைத்து நிறுத்தி வைத்திருப்பான் அந்த ஆள்.

பேரலை லாரியிலிருந்து எப்படி இறக்குவார்கள் தெரியுமா? கீழே ஒரு பழைய டயரைப் போட்டு அதன் மேல் உருட்டித் தள்ளுவார்கள். தொம்மென்று விழுந்து படுத்துக்கொள்ளும். அதற்கப்புறம்தான் பாடு. ஜோடி ஜோடியாக ஆட்கள் வந்து, குனிந்து, விளிம்புக்கு அடியில் விரலைக் கொடுத்து, படுத்திருக்கிற பேரலைத் தூக்கி நிமிர்த்த வேண்டும். உள்ளே எண்ணெய் முட்ட முட்ட இருக்கும். என் வீட்டுக்காரருக்கும் அவருடைய ஜோடிக்கும் அதுதான் வேலை. அந்த ஜோடிக்காரர் எங்கள் தெருவே. ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் மூச்சைப் பிடித்து ஒரே சமயத்தில் எழுவார்கள்.

அன்றைக்குப் பேரல் நிறைய. என் வீட்டுக்காரருக்குக் காலையிலிருந்தே இடுப்பில் ஒரு வலி. "சார், வண்டி சும்மாத்தான நிக்குது, அத்த வெச்சு நிமுத்திக்கலாமா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அவருக்கு வேறு மாதிரி கேட்கத் தெரியாது. அந்த ஆள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "பேரல நிமுத்த மிஷின் கேக்குதா தொரைக்கு? இடுப்புல தெம்பு இல்லன்னா வூட்ல போய் சோறு ஆக்கு."

அவர் குனிந்தார். பேரல் பாதி எழுந்தது. அப்போது அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதை நான் தைத்துக்கொண்டிருந்த இடத்திலிருந்தே கேட்டேன். ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன். முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். பேரலை ஜோடிக்காரர் ஒண்டியாகத் தாங்கிப் பக்கத்தில் சாய்த்துவிட்டதால் கால் மேல் விழவில்லை. நாலு பேர் தூக்கி ஆட்டோவில் போட்டோம்.

நான் ஆட்டோவில் ஏறப்போகும்போது அந்த ஆள் போனில் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தான். என் காது பட, கூச்சமே இல்லாமல் பேசினான். "ஆமா சார்... இல்ல சார், இங்க இல்ல. வூட்ல தண்ணி குடம் தூக்கசொல்லோ புடிச்சிகிச்சாம். அதோட வேலைக்கு வந்துட்டான் சார்."

"இன்னா சார் இப்டி பொய் சொல்றீங்க?" என்றேன்.

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "ஆள்தான் போச்சு. உன் வேலையாவது வேணுமா வேணாமா?" என்றான்.

வேணும். என்ன செய்ய? ஆஸ்பத்திரிக்கும் வேணும், அடுப்புக்கும் வேணும். வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். கூட நின்றவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்; ஜோடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். குடம் தூக்கினதாகவே விஷயம் முடிந்தது. கம்பெனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, டிஸ்க் விலகியிருக்கிறது, கத்தி வைக்க வேண்டாம், படுத்துக் கிட, பெல்ட் போடு என்றார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இந்த மாதிரி குனிஞ்சு வெயிட்டைத் தூக்கினாருன்னா, அப்புறம் அவர் நடக்குறதுக்கு நான் பொறுப்பில்லம்மா" என்று சொன்னார். இதை நான் அவரிடம் சொன்னதற்கு, "சரி, பாத்துக்கலாம். தேறினதும் குடோனுக்குத்தான் போவணும். வேற இன்னா தெரியும் எனக்கு?" என்றார். வாட்ச்மேன் வேலை பார் என்றால் தூக்கம் வருமாம். கடை போடு என்றால் வாய் வராதாம். அந்தக் குடோனுக்கே போவாராம், அந்தப் பேரலையே நிமிர்த்துவாராம். எனக்கு அன்றிலிருந்து ஒரே கவலைதான். தேறாவிட்டால் ஒரு கஷ்டம். தேறிவிட்டால் அதைவிடப் பெரிய கஷ்டம்.

அந்த ஆளை நான் கண்டபடி திட்டிக்கொண்டே சோறு ஊட்டுவேன். இவர் மல்லாந்து படுத்தபடி, "வுடும்மே. அவன் பொயப்பு அவனுக்கு. அவன் மேல கோவப்பட்டு நமக்கு இன்னா ஆவப்போது?" என்பார். நல்ல மனுஷனைக் கட்டிக்கொண்டால் இது ஒரு ரோதனை. கோபத்தையும் நாமே ஒண்டியாய்ச் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன். எப்போதும் வாங்குகிற மீன்காரம்மா என்னைப் பார்த்ததும், "இன்னாக்கா, மீன் வாங்க வந்தியா, மீனோட சண்ட போட வந்தியா? மூஞ்சி அப்டி கீது" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தாள். ஐஸும் மீனும் தளும்பத் தளும்ப நிறைந்த பெட்டி. அவள் குனியவே இல்லை. கையில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பி, நுனியில் கொக்கி. பெட்டியின் ஓட்டையில் மாட்டி, ஈரத்தரையில் நேராய் நின்றபடி, வெற்றிலையை மென்றுகொண்டே இழுத்துப் போகிறாள்.

"இன்னாம்மா இது?"

"கொக்கிதான். இத்தக்கூட பாத்ததில்லயா? இது இல்லன்னா என் இடுப்பு எப்பவோ ஐஸ் பொட்டிக்குள்ள போயிருக்கும்."

"குனியவே மாட்டியா நீ?"

"சாமிக்கு ஒண்டிதான்க்கா குனிவேன். மீனுக்கு இன்னாத்துக்குக் குனியணும்?"

வருஷக்கணக்காய் அங்கே மீன் வாங்குகிறேன். அந்தக் கொக்கி எத்தனையோ தடவை என் காலில் இடித்திருக்கும். கண்ணில் படவே இல்லை. மீனின் செவுளைத்தான் பார்த்திருக்கிறேன். அவளிடம் கதையைச் சொன்னேன். பேரல் என்றதும் "அதுக்கு இன்னா, தபாரு" என்று தாடையால் போட் பக்கம் காட்டினாள். அங்கே டீசல் பேரல் ஒன்று படுத்துக் கிடந்தது. ஒல்லியாய் ஒரு ஆள், வயது அறுபது இருக்கும், நீளமாய் ஒரு பைப்போடு வந்தார். பைப்பின் அடியில் நகம் மாதிரி ஒரு வளைவு வெல்டு வைத்திருந்தது. அதைப் பேரல் விளிம்பில் மாட்டினார். பைப்பின் மேல் நுனியைப் பிடித்துத் தன் பக்கம் சாய்ந்தார். பேரல் எழுந்து நின்றுவிட்டது. அவர் பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்கவில்லை.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு பைப்பு! அடப்பாவி, ஒரே ஒரு பைப்பு! எங்கள் குடோனிலிருந்து பஸ் ஏறினால் வந்துவிடுகிற இடத்தில் கிடக்கிறது. இது ஒன்று இல்லாமலா என் புருஷன் தும்முவதற்குப் பயந்துகொண்டு கிடக்கிறான்? அங்கேயே நின்றுகொண்டு அந்த ஆளை வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். மீன்காரம்மா மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவள், ஆனால் ரொம்ப ரசித்துக் கேட்டாள். ரெண்டு வசவு புதிதாய் அவளும் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் வீட்டுக்காரரைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கச் சொன்னேன். தரையிலிருந்து அவர் இடுப்புவரை ஒரு கயிற்றால் அளவெடுத்தேன். "சட்ட தெக்கப்போறியா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும், "ஐயே, உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்று முனகினார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "கைப்பிடி குறுக்கால வரணும். நேர் கம்பின்னா கை வயுக்கும்" என்று அவராகவே சொன்னார். அப்புறம் பேரல் விளிம்பு எவ்வளவு தடிமன், நகம் எவ்வளவு வளையவேண்டும் என்று படுத்தபடியே காற்றில் விரலால் வரைந்து காட்டினார். அவர் அவ்வளவு பேசி ரொம்ப நாளாகியிருந்தது.

காசிமேட்டில் போட் சாமான்களுக்கு வெல்டிங் வைக்கிற கடைக்குக் கயிற்றோடு போனேன். வெல்டர் கயிற்றைப் பார்த்துவிட்டு, "யாரும்மா அளவு?" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு."

"ஆள மாட்டி இஸ்துகினு போறதுக்கா?"

"அவர இல்ல. வேற ஒருத்தன் கீறான், அவன மாட்டி இஸ்கத்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார். ஒரு கொக்கி, ஒரு பேரல் பைப்பு. கொக்கி நுனியை உருட்டி மழுக்கித் தரச் சொன்னேன். மூட்டை கிழிந்தால் தைக்கப்போவது நான்தானே. உடைந்த பிளாஸ்டிக் பேரல் ஒன்றை அறுத்து விரித்துத் தகடாக்கி அதில் ஓட்டை போட்டேன். தகட்டின் மேல் மூட்டையை வைத்து, ஓட்டையில் கொக்கியை மாட்டி இழுத்தால் சிமெண்டுத் தரையில் வழுக்கிக்கொண்டு வரும்.

குடோனுக்குக் கொண்டுபோன அன்று நம் ஆம்பளைகள் அடித்த நக்கல் கொஞ்சமா? "இன்னாக்கா, இன்னிக்கு வஞ்சிரம் எவ்ளோ?" என்றான் ஒருவன். "தூக்கத் துப்பு இல்லாதவன்தான் இஸ்துகினு போவான்" என்றான் இன்னொருவன். எனக்குச் சுருக்கென்றது. "நல்லா பேசு ராஜா. பாயில படுத்துகினு பொண்டாட்டிய மூத்திர டப்பா எடுத்துட்டு வரச்சொல்லுவ பாரு, அப்போ பேசு" என்றேன். சிரித்தவர்கள் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜோடிக்காரர்தான் மெதுவாக வந்து பைப்பை எடுத்தார். இப்போது அவருக்குப் புது ஜோடி. ரெண்டு பேருக்கும் மூச்சு ஒத்துவரவில்லை. பைப்பை மாட்டி இழுத்தார். பேரல் எழுந்தது. சுற்றிப் பார்த்தார். மறுபடி ஒன்றை நிமிர்த்தினார். மத்தியானத்துக்குள் அந்தப் பைப்புக்கு நம்மாட்கள் அடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான்.

"இன்னா இது? குடோனா மீன் மார்க்கெட்டா? மூட்ட கியிஞ்சா எவன் பதில் சொல்றது?"

"கொக்கி மூட்டையில படாது சார். தகட்டு ஓட்டையிலதான் மாட்டும். தபாருங்க" என்று இழுத்துக் காட்டினேன்.

"எனக்கே பாடம் எடுக்குறியா? தெக்கிற வேலைய மட்டும் பாரு. ஒடம்பு வணங்காதவனுக்கெல்லாம் இங்க எடம் இல்ல. உன் புருஷன் திரும்பி வந்தாலும் கையாலதான் தூக்கணும், சொல்லி வை." கொக்கியையும் பைப்பையும் பிடுங்கிக்கொண்டு போய் குடோனுக்குப் பின்னால் காயலான் கடைக்குப் போகிற இரும்புக் குப்பையில் வீசினான். தகட்டைக் காலால் மிதித்து மடக்கினான்.

ஒடம்பு வணங்காதவனாம்! அந்த ஒடம்பு வணங்கி வணங்கித்தானே டிஸ்க் விலகினது. அன்றைக்கு என் கையில் ஊசி இருந்தது, சாக்கு தைக்கிற கோணி ஊசி. அதை எங்கே இறக்கலாம் என்று அவன் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் சாயந்திரம் குப்பையிலிருந்து கொக்கியையும் பைப்பையும் எடுத்து வந்து, நான் தைக்கிற கிழிந்த சாக்குக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்துக் குடோன்களில் தீபாவளியைவிட அதுதான் பெரிசு. எல்லாவற்றையும் கழுவி, தராசு, தள்ளுவண்டி, தையல் ஊசி, ஸ்பானர், ஃபோர்க்லிஃப்ட் எல்லாம் வரிசையாய் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். இதில் ஒரு விஷயம் உண்டு. பூஜையில் வைத்துப் பொட்டு வைத்துவிட்ட சாமானை அப்புறம் காயலானுக்குப் போடமாட்டார்கள். சாமிக்கு வைத்ததைக் குப்பையில் போட்டால் தொழில் படுத்துவிடும் என்று பயம். உடைந்துபோன தராசுத் தட்டு ஒன்று, பொட்டு வைத்துவிட்டோமே என்கிற ஒரே காரணத்துக்காக, வருஷக்கணக்காய் மூலையில் சாய்ந்து கிடக்கிறது. அந்த ஆள் இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. பொட்டு வைக்கிற வேலையை யாருக்கும் விடமாட்டான். சந்தனக் கிண்ணத்தோடு, கண்ணைப் பாதி மூடி, வாய்க்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டு வரிசையாய்ப் போவான்.

கழுவி வரிசையாய் அடுக்குவது மட்டும் நாங்கள், பொம்பளைகள். நான் தராசுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவில் கொக்கியையும் பைப்பையும் வைத்தேன். துரு போகத் தேய்த்து, எண்ணெய் தடவி, நுனியில் சாமந்திப் பூகூடச் சுற்றினேன். என் திட்டம் அவ்வளவுதான். பொட்டு விழுந்துவிட்டால் தூக்கிப் போடமாட்டான். தூக்கிப் போடாவிட்டால் ஆட்கள் எடுப்பார்கள். என் வீட்டுக்காரர் திரும்பி வரும்போது அது அங்கே இருக்கும்.

முதலாளி குளித்து, பட்டு வேட்டி கட்டி வந்திருந்தார். அந்த ஆள் முன்னால், முதலாளி பின்னால். தராசுக்குப் பொட்டு வைத்தான். கை தானாய் அடுத்ததற்குப் போயிற்று. கொக்கிக்குச் சந்தனம், குங்குமம். பைப்புக்குச் சந்தனம். குங்குமத்தை எடுக்கும்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தான். கை அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்த்தான். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்தியோடு கும்பிட்டேன்.

முதலாளி குனிந்து பார்த்தார். "என்னய்யா இது, புதுசா இருக்கு?"

ஜோடிக்காரர் முந்திக்கொண்டார். "பேரல நிமுத்துறது மொதலாளி. குனியவே வாணாம்." பூஜை சாமானைத் தொடக்கூடாது என்பதால் கையால் அபிநயம் பிடித்து, எப்படி மாட்டி எப்படிச் சாய்ப்பது என்று காட்டினார். முதலாளிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அட, சூப்பர்யா! யார் ஐடியா இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் இளித்தான். "நான்தான் சார் செய்யச் சொன்னேன். பசங்க கஷ்டப்படுறாங்களேன்னு... நம்ம பசங்கதான சார்."

முதலாளி அவன் தோளில் தட்டினார். போனை எடுத்து, அவனைக் கொக்கிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் படமும் எடுத்தார், கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட. அவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. என் கயிறு, என் புருஷன் இடுப்பளவு, நான் குப்பையைக் கிளறி எடுத்தது. கஸ்மாலம்! கத்திவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வெளியே வந்தது வேறு பேச்சு. அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மன் கொடுத்தாளோ, மாதா கொடுத்தாளோ.

"ஆமா மொதலாளி, சார்தான் செய்யச் சொன்னாரு" என்றேன். குரலில் தேன் ஒழுகிற்று. "எங்க வூட்டுக்காரரு இங்க பேரல நிமுத்தசொல்லோ இடுப்பு வுட்டு வுயுந்தாரு பாருங்க, அத்த கண்ணால பாத்ததுலேந்து சாருக்கு மனசே கேக்கல. இன்னொருத்தனுக்கு அப்டி ஆவக்கூடாதுன்னு இத்த செய்ய வெச்சாரு. அவுரு கொயந்த குட்டியெல்லாம் நல்லா இருக்கணும்."

முதலாளியின் போன் கை இறங்கிற்று. "இங்க விழுந்தாரா? வீட்ல குடம் தூக்கும்போதுன்னுதானே நீ சொன்ன?"

அந்த ஆள் எப்படிச் சொன்னாலும் மாட்டினான். குடோனில் விழவில்லை என்றால் பைப்பு செய்யச் சொன்னது பொய். பைப்பு செய்யச் சொன்னது நிஜம் என்றால் குடம் பொய். படம் வேறு எடுத்தாகிவிட்டது. கையிலிருந்த சந்தனக் கிண்ணத்தைத் தரையில் வைத்தான், மறுபடி எடுத்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இன்னொரு தடவை அத்தனை கோயிலுக்கும் போவேன்.

"அது வந்து சார்... மின்னாடியே வூட்ல கொஞ்சம் வலி இருந்துச்சுன்னு..."

"இங்கதான் மொதலாளி" என்றார் ஜோடிக்காரர். இவ்வளவு நாள் தரையையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் தலையைத் தூக்கிச் சொன்னார். "அந்தாண்ட பக்கம் நான் புடிச்சிகினு இருந்தேன். வண்டி கேட்டான். சார் தரல."

கற்பூரம் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. முதலாளி, "பூஜை முடியட்டும்" என்று மட்டும் சொன்னார்.

முதலாளி நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. தன் குடோனில் தனக்குத் தெரியாமல் ஒன்று நடந்துவிட்டதே, அதுதான் அவருக்கு உறுத்தியிருக்கிறது. எதுவானால் என்ன? ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. தேறினதும் பழைய வேலைக்கே வரலாம், கையால் தூக்கவேண்டாம் என்று முதலாளி தன் வாயால் சொன்னார். அந்த ஆளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அதைவிட நல்ல காரியம் ஒன்று செய்தார். "நீதானே செய்ய வெச்ச? எண்ணூர் குடோனுக்கும் இதே மாதிரி செஞ்சு, நீயே போய் அவங்களுக்குக் கத்துக் குடுத்துட்டு வா" என்றார்.

வாழ்க்கையில் ஒரு மூட்டையைத் தொட்டவனா அவன்? சாக்குக் குவியலுக்குப் பக்கத்தில் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இத்த எப்டிம்மா புடிக்கணும்?" என்று கேட்டான். அம்மா! "நல்லா குனிஞ்சு, தம் கட்டி, வெடுக்குன்னு இயுங்க சார்" என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை. புண்ணியத்துக்காக இல்லை. இவன் அங்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் பைப்பின் மேல் பழி விழும், பைப்பு போய்விடும், என் வீட்டுக்காரர் மறுபடி குனிய வேண்டி வரும். அதனால் ஒழுங்காகவே சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எல்லா லோடுமேன்களும் டீ குடிக்க நிற்கிற நேரமாய்ப் பார்த்து, நடு குடோனில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். "கால அகட்டி நில்லுங்க சார். அப்டி இல்ல சார். மறுபடி." பேன்ட் எல்லாம் எண்ணெய். எண்ணூரிலிருந்து சாயந்திரம் திரும்பும்போது தலை, மீசையெல்லாம் அந்தப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, வேர்த்து விறுவிறுத்து வருவான். நான் எதிரில் நின்று, "கத்துகினாங்களா சார்?" என்று அக்கறையாய் விசாரிப்பேன்.

இவர் தேறி, பெல்ட்டைக் கழற்றி, குடோனுக்கு வந்த அன்று காலையில் எனக்கு வேலை ஓடவில்லை. சாக்கில் போட்ட தையலைப் பிரித்துப் பிரித்துத் தைத்தேன். பேரல் ஒன்று படுத்திருந்தது. எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அந்த ஆளும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். இவர் பைப்பை எடுத்தார், விளிம்பில் மாட்டினார், சாய்ந்தார். பேரல் தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. அவரிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. ஜோடிக்காரர் விசில் அடித்தார்.

ராத்திரி சாப்பிட உட்காரும்போது, "நான் நிமுத்துனேனே, பாத்தியா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்துப் பையன் கேட்கிற மாதிரி கேட்டார்.

பொய் சொல்ல மனசு வரவில்லை. "இல்லய்யா" என்றேன். "நான் உன்ன பாக்கல. அந்தாளு மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். வுடும்மே, அவன் பொயப்பு அவனுக்கு என்பார் என்று நினைத்தேன். சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என் பக்கமாய் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எப்டி வெச்சிகினு இருந்தான் மூஞ்ச?"

சொன்னேன். கண், மூக்கு, தொங்கிப்போன மீசை, ஒன்று விடாமல் சொன்னேன். சோறு ஆறிப்போயிற்று. முடித்ததும் என் மனுஷன், யாரையும் ஒரு வார்த்தை கெடுத்துச் சொல்லாத என் மனுஷன், "மொதல்லேந்து சொல்லு" என்றார்.